ஏ-2 எத்தனை என்று எழுதுங்கள்

ஜூன் 3

மைக்ரான் அவர்களுக்கு,

தொழிற்சாலையில் உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். போன மாதம் முழுக்க என்னைவிட அவர்களோடுதான் அதிகம் பேசியிருக்கிறீர்கள். அதனால் அந்தப் பட்டப் பெயரே இருக்கட்டும்.

போனில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறந்ததுமே நீங்கள் குரலை உயர்த்தினீர்கள். என்னைக் கேட்காமல் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். அது இல்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் உட்காருகிறவள் நான். கத்துகிறவர்களிடம் தினமும் சொல்வது ஒன்றுதான்: "எழுதிக் குடுங்க." இப்போது நானே எழுதிக் கொடுக்கிறேன்.

என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நான் தலசீமியா கேரியர், அதாவது அந்த ரத்த நோயின் பழுதான மரபணுவைச் சுமப்பவள். நோய் இல்லை. பிறக்கும்போதே இருந்தது, சாகும்வரை இருக்கும், அதனால் சாகமாட்டேன். டாக்டரம்மா விளக்கியது இதுதான்: ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஏ-2 என்று ஒரு வகை உண்டு. மற்றவர்களுக்கு அது நூற்றுக்கு மூன்றரைக்குள் இருக்கும். எனக்கு ஐந்து புள்ளி நான்கு. இத்தனை வருடம் "ரத்தம் கம்மி" என்று சொல்லிச் சொல்லி என்னை விழுங்க வைத்த இரும்புச் சத்து மாத்திரைகளைச் சேர்த்திருந்தால் ஒரு ஜன்னல் கம்பி செய்திருக்கலாம். ஒன்றுக்கும் உதவவில்லை, ஏனென்றால் குறை இரும்பில் இல்லை.

எனக்கு மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. உங்களுக்கும் இருந்தால்தான் பிரச்சினை. அப்போது குழந்தைக்கு இரண்டு பக்கமும் பழுது சேர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிச் சேர்ந்தால் அது வெறும் கேரியர் இல்லை, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய நோய். இப்போது எனக்கு எட்டாவது வாரம். வயிற்றில் இருக்கும்போதே குழந்தையைப் பரிசோதிக்கலாம், அதை இன்னும் ஐந்து வாரத்துக்குள் செய்வது நல்லது என்கிறார். அதற்கு முன்னால் உங்கள் ரத்தம் வேண்டும்.

போய்ப் பரிசோதித்து, ஏ-2 எத்தனை என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

புகார் பிரிவு

ஜூன் 10

மேடம்,

உன் புகார் கிடைத்தது. பரிசீலித்தேன். முகாந்திரம் இல்லை என்று முடித்துவைக்கிறேன்.

கோபப்படாதே, காரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ரத்த நோய் என்று யாரும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது கிடையாது. என் அப்பா எழுபது வயதில் சைக்கிள் ஓட்டினார். நான் காய்ச்சல் என்று கடைசியாகப் படுத்தது நம் கல்யாணத்துக்கு முன்னால். உனக்கே தெரியும்.

அதோடு, தொழிற்சாலையில் வருடா வருடம் எங்களுக்கு ரத்தம் பார்ப்பார்கள். போன தடவை வந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 12.6 என்று கொஞ்சம் குறைவாக இருக்கும், அதை விடு. அதற்குக் கீழே சிவப்பணு எண்ணிக்கையைப் பார். மற்றவர்களுக்கு ஐம்பது லட்சம் இருந்தாலே பெரிய விஷயமாம். எனக்கு அறுபத்து மூன்று லட்சம். பக்கத்தில் நட்சத்திரம்கூடப் போட்டிருக்கிறான். இந்த அறையில் என்னோடு தங்கியிருக்கும் லேத் அண்ணன் பார்த்துவிட்டு, "உன் உடம்புல ஓடுறது ரத்தமா, ஊர்வலமா?" என்று கேட்டார்.

இங்கே கணக்குத் தணிக்கை மாதிரி தரத் தணிக்கை வரப்போகிறது. வெளிநாட்டு ஆட்கள். ஒரு பேரிங் குண்டு முடியிழையைவிட மெல்லிய ஒரு மைக்ரான் பிசகினாலும் என் தலைதான் உருளும். அறைக்கு வந்தால் கண்ணுக்குள் குண்டுகளாகவே ஓடுகிறது. இதில் நீ வேறு வயிற்றில் புளியைக் கரைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். கனமாக எதையும் தூக்காதே.

இடமாற்றத்தைப் பற்றி ஒரு வரி: நமக்காகத்தான் வந்தேன். உனக்கு அது புரியவில்லை.

மைக்ரான்

ஜூன் 15

மைக்ரானுக்கு,

அந்த நட்சத்திரம் பரிசு இல்லை. அது எச்சரிக்கை.

உங்கள் தாளை டாக்டரம்மாவிடம் காட்டினேன். நீங்கள் பெருமைப்பட்ட வரியில் விரலை வைத்தார். அதற்குக் கீழே இருக்கும் எம்.சி.வி. என்ற வரிக்கு விரலை இறக்கினார். அதை நீங்கள் படிக்கவே இல்லை. ஒரு சிவப்பணு சராசரியாக எவ்வளவு பெரியது என்று சொல்லும் அளவு அது. எண்பதுக்குக் கீழே போகக்கூடாது. உங்களுக்கு அறுபத்து நான்கு. "எண்ணிக்கை அதிகம், சைஸ் சின்னது. இத பாத்தாலே எனக்கு சந்தேகம் வருதும்மா. ஏ-2 பாக்காம விடக்கூடாது" என்றார்.

நாள் முழுக்க குண்டுகளை அளந்து, சின்னதாக இருப்பதைத் தூக்கிப் போடுகிறவர் நீங்கள். பெட்டியில் நூறுக்குப் பதில் நூற்றிருபது இருக்கிறது, ஆனால் அத்தனையும் அளவு குறைந்தவை என்றால், "ஆகா, எண்ணிக்கை கூடுதல்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவீர்களா? எஃகு என்றால் உங்களுக்கு ஒரு மைக்ரான் தெரிகிறது. சொந்த ரத்தம் என்றால் பதினாறு அலகு குறைந்திருப்பது தெரியவில்லை.

இது உங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவரைத் தேடிப் பிடித்துக் குற்றம் சாட்டும் வேலை இல்லை. கேரியராக இருப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சைக்கிள் ஓட்டலாம். எழுபது வயது, எண்பது வயது வாழலாம். உங்கள் அப்பாவின் சைக்கிள் எதையும் நிரூபிக்காது.

பரிசோதனையின் பெயர் நீளமாக இருக்கும் என்பதால் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். லேபில் அதை நீட்டினால் போதும், வாயால் சொல்ல வேண்டாம். பத்து நிமிட வேலை. இந்த வாரமே போங்கள்.

நமக்காகப் போனேன் என்கிறீர்கள். அந்த 'நமக்கு' என்ற கணக்கில் என்னை எப்போது சேர்த்தீர்கள் என்றுதான் கேட்டேன்.

பு.பி.

ஜூன் 26

மேடம்,

பதில் தாமதம். இரண்டு ஷிப்ட் சேர்ந்து பார்க்கிறேன்.

லேப் பார்த்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கண்ணாடிக் கடைக்கு மாடியில். உன் தாளைக் காட்டினேன். எடுக்கலாம், முடிவு வர நாலைந்து நாள் ஆகும் என்றான். அடுத்த வாரம் கொடுத்துவிடுகிறேன். அவசரப்பட்டுப் போய்க் கொடுத்து, தப்பாக ஏதாவது வந்து தொலைத்தால், அதை வைத்துக்கொண்டு நீ எனக்கு ஆயுள் முழுக்கப் புகார் எழுதுவாய். போகும்போது சரியாகப் போக வேண்டும்.

உடம்பு தேறியிருக்கிறது. லேத் அண்ணன் தினமும் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் வாங்கி வருகிறார். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரையும் போடுகிறேன். நாக்கெல்லாம் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் முகத்தில் களை வந்துவிட்டது என்று கேன்டீன்காரர் சொன்னார்.

தணிக்கை அடுத்த மாதக் கடைசியில். அதுவரை யாருக்கும் விடுப்பு இல்லை. மேலாளர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அலைகிறார்.

நீ சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தில் குழந்தை இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, நான் செய்த தப்பு இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை.

மைக்ரான்

ஜூலை 1

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. நீங்கள் பரிசோதனைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தணிக்கைக்கு முன்னால் மேசையைத் துடைத்து, கருவிக்கு எண்ணெய் போடுவது போல, பீட்ரூட் தின்று, மாத்திரை விழுங்கி, ரத்தத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பிறகு கொண்டுபோய்க் காட்டித் தேறிவிடலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்'.

இது தேறுகிற தேர்வு இல்லை. அம்மா அப்பாவிடமிருந்து வந்தது. பீட்ரூட்டுக்கு அது கட்டுப்படாது. லாரி லாரியாகத் தின்றாலும் ஏ-2 இறங்காது. இரும்பு குறைவாக இல்லாதவர் டாக்டரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை போடவும் கூடாது. இன்றைக்கே நிறுத்துங்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள், ஊருக்குத்தான் உபதேசமா?

எனக்குப் பன்னிரண்டாவது வாரம் ஓடுகிறது. உங்கள் ஏ-2 கூடுதலாக இருந்தால் அதோடு முடியாது. நம் இருவர் ரத்தத்திலும் பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்தால்தான் குழந்தையிடம் அதைத் தேட முடியும். அதற்குத் தனியாக நாள் வேண்டும். நீங்கள் களை ஏற்றிக்கொண்ட நாட்கள் அந்தக் கணக்கிலிருந்து போனவை.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். போன வாரம் மருத்துவமனையில் தவறான மாடிக்குப் போய்விட்டேன். அங்கே ரத்தம் ஏற்றும் அறை. ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி நர்ஸிடம், "போன தடவ இந்தக் கை. இன்னிக்கு அந்தக் கைன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிப் பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வருகிறார்களாம். "பழகிடுச்சு. அவளுக்குப் பழகிடுச்சு, எனக்கு இல்ல" என்றாள். அந்தப் பெண் அழகாக இருந்தாள், கெட்டிக்காரியாக இருந்தாள். அவளை வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அந்த அம்மாவின் நாற்காலியில் உட்கார எனக்குத் தெம்பு இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. படிக்கட்டில் நின்று அழுதேன். இப்படித்தான் இருக்கிறேன்.

ஏ-2 எத்தனை?

ஜூலை 9

ஐந்து புள்ளி இரண்டு.

உன் கடிதம் வந்த அன்றே ஷிப்டை விட்டுப் போய்க் கொடுத்தேன். இன்றைக்குத் தாள் வந்தது. லேப் பையனிடம் கேட்டேன், "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்றான். டாக்டரிடம் போனேன், "ரத்த நோய் நிபுணர்கிட்ட காட்டுங்க" என்றார். நிபுணர் இந்த ஊருக்கு மாதம் ஒரு முறைதான் வருவாராம். கடைசியில் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு உன் முதல் கடிதத்தை எடுத்து, மூன்றரைக்குள் இருக்க வேண்டும் என்று நீ எழுதியதைப் பார்த்து, நானே தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்கப்பாவுக்கும் எப்பவும் ரத்தம் கம்மின்னுதான் சொல்லுவாங்க. அவரு என்னிக்கு டாக்டர் பேச்ச கேட்டாரு?" என்றாள். எழுபது வயதில் சைக்கிள் ஓட்டியவர்.

பயந்தேன். அதுதான் உண்மை. நானே அளந்து பார்த்து நானே தள்ளுபடி ஆவது என்றால் எப்படி இருக்கும் என்று பயந்தேன். வேறு விளக்கம் இல்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது. சொல்கிற இடத்தில் சொல்கிற நேரத்தில் நிற்கிறேன்.

ஜூலை 14

உங்களுக்கு,

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை. எரிச்சல். இரண்டு வருடமாக இரண்டு பேருக்கும் களைப்பு, இரண்டு பேருக்கும் வெளிறிய நகம். "ஜாடிக்கேத்த மூடி" என்று உங்கள் அக்கா சிரித்தாரே. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் பார்க்க வேண்டும் என்று இரண்டு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே அக்கா நேற்று எனக்குப் போன் செய்தார். "எங்க வம்சத்துல இல்லாத கோளாறு உன் வழியாத்தான் வந்துச்சு. அவன் ரத்தத்தையும் கெடுத்துட்டியே" என்றார். இது ஒட்டுவாரொட்டி இல்லை, தும்மினால் வராது என்று சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. உங்கள் தாளைப் பற்றி அவரிடம் நீங்கள் பேசவேண்டும், நான் இல்லை.

டாக்டரம்மா சொன்னது: முதலில் செய்ய நினைத்த பரிசோதனைக்கு நேரம் தாண்டிவிட்டது. இனி பதினாறாவது வாரம் வரை காத்திருந்து, பனிக்குட நீரை ஊசியில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜூலை 29, காலை. அதற்குள் நீங்கள் இன்னொரு தடவை ரத்தம் கொடுத்து, இத்துடன் இருக்கும் முகவரிக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர மூன்று வாரம்.

நாலில் ஒரு பங்கு நோய், நாலில் இரண்டு பங்கு நம்மைப் போல, நாலில் ஒரு பங்கு எதுவும் இல்லாமல். ஒவ்வொரு குழந்தைக்கும் இதே கணக்கு, புதிதாக. அந்த ஒரு பங்காக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அத நான் சொல்லக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணணும். ஆனா யோசிக்க ரொம்ப நாள் இருக்காது" என்றார்.

குழந்தை வேண்டாம் என்று முடிவானால், சட்டப்படி என் ஒருத்தியின் கையெழுத்தே போதுமாம். எனக்குப் போதாது. எந்த முடிவானாலும் பிறகு ஒரு நாள், "நீதானே சொன்னாய்" என்று என்னிடம் நீங்கள் சொல்லக்கூடாது. 29-ஆம் தேதி வாருங்கள். தணிக்கை, மேலாளர், உர்ரென்ற முகம் எதுவும் எனக்கு வேண்டாம்.

ஜூலை 20

ரத்தம் அனுப்பிவிட்டேன். ரசீது இத்துடன்.

அக்காவிடம் பேசினேன். என் தாளைப் படித்துக் காட்டினேன். "லேப்ல மாத்திக் குடுத்திருப்பான்" என்றாள். அவளையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். குரலை உயர்த்தாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி, எதிரில் இருப்பவர் காதைப் பொத்திக்கொண்டால் எவ்வளவு ஆத்திரம் வருகிறது. ஒரு மாதம் நீ எப்படிப் பொறுத்தாய் என்று தெரியவில்லை.

மேலாளர் விடுப்பு தரமாட்டேன் என்றார். வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டேன். வேலை இருந்தால் இருக்கட்டும்.

அந்த ஒரு பங்காக இருந்தால் என்ன செய்வது என்று தினமும் யோசிக்கிறேன். காலையில் ஒன்று தோன்றுகிறது, ஷிப்ட் முடிவதற்குள் வேறொன்று. உன் கடிதத்தில் வந்த அந்தப் பெண்ணை நினைக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை உன்னிடம் சொல்லாமல் மறைத்து, தெரிந்த மாதிரி நடிக்கக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது.

ஆகஸ்ட் 6

உனக்கு,

நான் இங்கே திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நீ எழுதவில்லை.

அன்றைக்கு ஊசி போடும்போது நான் கையை நீட்டினேன். நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாய். திரையில் குழந்தை அசைந்தது. டாக்டரம்மா, "பாருங்க, கால மடக்குது" என்றார். நான் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து நான் எதைக் கேட்டாலும் "ம்" என்றாய். கிளம்பும்போது பேருந்து நிலையத்தில், "முடிவு வந்தா எழுதறேன்" என்று புகார் பிரிவில் சொல்வது போலச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் கடிதங்கள் எல்லாம் திட்டுதான், ஒன்றையும் நான் கிழிக்கவில்லை. இந்த மௌனத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சம்பளத்தைப் பிடித்தார்கள், வேலையைப் பிடுங்கவில்லை. பழைய இடத்துக்கே திரும்ப விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கேட்கத்தான் நினைத்தேன், நீ "ம்" என்று சொல்லிவிடுவாயோ என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19

உங்களுக்கு,

முடிவு வந்துவிட்டது. குழந்தைக்கு நோய் இல்லை. கேரியர். உங்களிடமிருந்து எதுவும் போகவில்லை, என்னிடமிருந்து ஒரு பக்கம் போயிருக்கிறது. நம்மைப் போலவே இருக்கும், களைத்தால் களைக்கும், மற்றபடி ஒன்றும் இல்லை. பெரியவனாகவோ பெரியவளாகவோ ஆன பிறகு, கல்யாணம் என்று வந்தால், எதிரில் இருப்பவரின் ஏ-2 எத்தனை என்று கேட்கச் சொல்ல வேண்டும்.

நல்ல செய்தி வந்தால் என் கோபம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் நின்றபோதுதான் அது முழுசாக வந்தது. உங்கள் மேல், உங்கள் பீட்ரூட் மேல், என்னை வருடக்கணக்கில் மாத்திரை தின்ன வைத்தவர்கள் மேல். அக்கா போன் செய்து, "பாத்தியா, ஒண்ணும் இல்லைன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அவர் மேலும்.

நான் சுவரைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரலாம் என்கிற ஒன்றின் காலை நான் எப்படிப் பார்ப்பது? உங்கள் கையைப் பிடித்திருந்தால் திரும்பியிருப்பேன். திரும்பியிருந்தால் பார்த்திருப்பேன். இத்தனை வாரமாக நான் வயிற்றைத் தொட்டதே இல்லை. குளிக்கும்போதுகூட அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அலுவலகத்தில் யாராவது "எத்தனை மாசம்?" என்று கேட்டால், புகார் வாங்கப் போய்விடுவேன். அந்த வாரங்களில் சிலதை நீங்கள் எனக்கு மிச்சப்படுத்தித் தந்திருக்கலாம். தரவில்லை. அதை இனி யாரும் திருப்பித் தர முடியாது.

விண்ணப்பத்தை, நீங்கள் கேட்காவிட்டாலும், ஒப்புக்கொள்கிறேன். வந்து சேருங்கள்.

இன்னொன்று. போன வாரத்திலிருந்து உள்ளே அசைகிறது. யாரிடமும் சொல்லவில்லை. வாயு என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவு வரும்வரை அது வாயுவாகவே இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இன்றைக்கு, இதை எழுத உட்கார்ந்தபோது, மறுபடி அசைந்தது. முதல் முறையாகக் கையை வைத்தேன். என் கைக்கு நேர் எதிராக வந்து ஒரு உதை விட்டது. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது. கையை எடுக்காமல் இதை எழுதி முடிக்கிறேன்.